அவர் குணம் அப்படி

போன தீபாவளிக்கு முதல் நாள், அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவோடு மாமா வீட்டுக்குப் போனேன். கிள்ளானில் ஒரு தாமான், வரிசையில் கடைசி வீடு. கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே டிவி சத்தம் கேட்டது. "மாமா, மாமா" என்று ஐந்து நிமிடம் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. டப்பாவைப் பையோடு கேட் கம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். மறுநாள் காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து மறுபடி போனபோதும் அது அங்கேயேதான் தொங்கியது. எறும்பு மொய்த்திருந்தது.

மாமாவுக்கு 58 வயது. அம்மாவின் அண்ணன். துறைமுகத்துப் பக்கம் ஒரு லோரி கம்பெனியில் சுப்பர்வைசராக நீண்ட காலம் இருந்தார். அவரைத் தெரிந்த யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது ஒரே வாக்கியம்: "அவர் குணம் அப்படி."

எப்படி? போன் அடித்து இரண்டாவது ரிங்கில் எடுக்காவிட்டால், "ஓ, உனக்கு நான் தேவையில்லாமப் போயிட்டேன்." அத்தை தன் தங்கையோடு அரை மணி நேரம் பேசினால், இரண்டு பேரும் சேர்ந்து தனக்கு எதிராக ஏதோ திட்டம் போடுகிறார்கள். என் அக்கா கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இரண்டாவதாக அச்சாகிவிட்டது. மண்டபத்துக்கு வந்தார், வாசலிலேயே நின்றார், சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு வருடம் அப்பாவோடு ஒரு வார்த்தை கிடையாது. இன்று உயிருக்கு உயிராக இருப்பார், நாளைக்கு அதே ஆள் முகத்தில் விழிக்கக் கூடாது என்பார். அதே மாமாதான் பாட்டி ஹாஸ்பிட்டலில் கிடந்தபோது பதினோரு இரவு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே கண் விழித்தார். நாங்கள் யாரும் மூன்று இரவுக்கு மேல் தாங்கவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிப் பொய் சொன்னவன் ஆவேன்.

55 வயதில் மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை விட்டார். அதற்கு அடுத்த வருடம் அத்தை ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார், திரும்பவில்லை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், பேச்சு வார்த்தை இல்லை. மாமா குளிப்பதைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார், பிறகு இனிப்புநீர் மருந்தையும் நிறுத்திவிட்டார். அந்தத் தீபாவளியன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாரே தவிர, என்ன ஓடியது என்று தனக்குத் தெரியாது என்று பின்னாளில் சொன்னார்.

இப்போது சொந்தக்காரர்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வந்துவிட்டார்கள்: "செஞ்ச வினை, அனுபவிக்கட்டும்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் கொஞ்ச நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் அவர் அத்தையை நோகடித்தபோது "அவர் குணம் அப்படி, நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்றோம். அவர் விழுந்தபோது அதே குணத்தைக் காட்டி "அனுபவிக்கட்டும்" என்கிறோம். முதலில் குணத்தைச் சாக்காக வைத்து அவரைத் தடுக்காமல் விட்டோம். பிறகு அதே குணத்தைச் சாக்காக வைத்து அவரைத் தூக்காமல் விடுகிறோம். இரண்டு தடவையும் நம் கை அசையவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்துக்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது. சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஒருவருடைய துன்பத்துக்கு அவரே ஒரு காரணம் என்றால், அவருக்கு நாம் செய்ய வேண்டியது குறைந்துபோகிறதா?

முதலில், "அவரே காரணம்" என்பது உண்மையா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் படித்தேன். உண்மைதான், ஓரளவுக்கு.

மனநல மருத்துவத்தில் ஆளுமைக் கோளாறு என்று ஒன்று சொல்கிறார்கள். யாரையும் நம்ப முடியாமை, கைவிட்டுவிடுவார்களோ என்ற ஓயாத பயம், அடக்க முடியாத கோபம், எல்லாம் என் கணக்குப்படியே நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் போன்றவை இளம் வயதிலேயே தொடங்கி, வீட்டிலும் வேலையிலும் உறவுகளைக் கெடுக்கும் அளவுக்கு ஊறிப்போவது. இது இருக்கிறது, இல்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பிரிக்கக்கூடியது அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி. 11 என்ற நோய் வகைப்பாட்டில், பழைய பெயர் வகைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அளவாகப் பிரித்திருக்கிறார்கள். கோளாறு என்று சொல்லும் அளவுக்கு எட்டாத 'ஆளுமைச் சிரமம்' என்பதற்கும் அதில் இடம் உண்டு. அதாவது அந்தக் கூறுகள் நம் எல்லாரிடமும் கூடக்குறைய இருக்கின்றன. மாமாவின் கார்டில் டாக்டர் என்ன எழுதினார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவருடையது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தாமஸ் ஓல்ட்மன்ஸ் என்ற உளவியல் பேராசிரியரின் குழு 2007-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 55-இலிருந்து 64 வயதுக்குள் இருக்கும் சுமார் 1,600 பேர். இவர்கள் ஹாஸ்பிட்டலில் பொறுக்கி எடுத்த நோயாளிகள் இல்லை, ஊரில் சாதாரணமாக வாழ்கிறவர்கள். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தார்கள். அந்த ஆய்விலிருந்து 2013-இல் வந்த ஒரு முடிவு என்னை நிறுத்திவிட்டது. கைவிடப்படும் பயம், கொதிக்கும் கோபம், நிலையில்லாத உறவு ஆகிய கூறுகள் அதிகம் இருந்தவர்களுக்கு, பின்னால் வந்த கஷ்டங்களில் ஒரு வகை மட்டும் கூடியிருந்தது. விபத்து, உறவினர் மரணம் மாதிரி தன் கையில் இல்லாத கஷ்டங்கள் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரவில்லை. சண்டை, பிரிவு, பேச்சு முறிவு என்று மனிதர்களுக்கு நடுவில் உண்டாகும் கஷ்டங்கள்தான் அதிகம் வந்தன.

இதற்கு முன்னாலேயே, 1991-இல், கான்ஸ்டன்ஸ் ஹாமன் என்ற ஆய்வாளர் மனச்சோர்வு உள்ள பெண்களிடம் இதே மாதிரி ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார். கஷ்டம் வந்து மனச்சோர்வு வருகிறது என்று மட்டும் நாம் நினைக்கிறோம். மனச்சோர்வுக்கு ஆளாகிறவர் தானும் அறியாமல் அடுத்த கஷ்டத்தை உண்டாக்குகிறார், அது மறுபடியும் அவரையே அமுக்குகிறது. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம்.

நடு வயதில் இது ஏன் பிடித்துக்கொள்கிறது? இது என் ஊகம், ஆனால் மாமாவைப் பார்த்துச் சொல்கிறேன். முப்பது வயதில் அந்தக் குணத்துக்கு நிறைய முட்டு இருந்தது. காலையில் போய் நிற்க ஒரு வேலை, தினமும் முகம் பார்க்கிற ஆட்கள், பொறுத்துப் போகிற மனைவி, ஓடிப்போக முடியாத சின்னப் பிள்ளைகள், சமாதானம் செய்து வைக்க பாட்டி. ஐம்பதைத் தாண்டும்போது ஒவ்வொரு முட்டாக விழுகிறது. பாட்டி போய்விட்டார். பிள்ளைகளுக்குச் சொந்த வீடு வந்துவிட்டது. மனைவிக்கு, கடைசியில், போக ஓர் இடம் கிடைத்துவிட்டது. 55-இல் ஈ.பி.எஃப். பணம் கைக்கு வரும்போது, "எவன் தயவும் வேண்டாம்" என்று வேலையைத் தூக்கி எறியும் தைரியமும் சேர்ந்து வருகிறது. தனியார் வேலையில் 60 வயது வரை இருக்கலாம் என்ற சட்டம் 2013-இலிருந்து இருக்கிறது. மாமா அந்த ஐந்து வருடத்தை ஒரு மதியத்தில் விட்டெறிந்தார். குணம் புதிதாக மோசமாகவில்லை. தாங்கிக்கொண்டிருந்தவை போய்விட்டன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு வந்தவர்கள் எல்லாம் இப்படிப்பட்டவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல சுபாவம் உள்ளவர்களுக்கும் வருகிறது. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருந்தது. 2019-இல் அது 2.3 விழுக்காடு. அத்தனை பேரையும் குணத்தில் குறை சொல்ல முடியுமா? தவிர, மனச்சோர்வில் இருக்கும்போது சாது மனிதரும் சிடுசிடுப்பாகத்தான் தெரிவார். ஆகவே ஒருவர் கீழே கிடக்கும் நேரத்தில் அவர் குணத்துக்கு நாமே பெயர் வைத்துவிடக் கூடாது.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். பாதிக் காரணம் அவர்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால்?

கோயில் மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நம் இயக்கத்து அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சட்டென்று சொன்னார்: "டயாலிசிஸ் செண்டருக்கு நன்கொடை திரட்டப் போறோம்ல? அங்க படுத்திருக்கிறவர்கிட்ட, 'ஐயா, நீங்க மொத்தம் எத்தனை கிளாஸ் தே தாரேக் குடிச்சீங்க'ன்னு கேட்டுட்டா உண்டியல நீட்டுறோம்?"

நல்ல பதில். இரண்டு நாள் அதிலேயே திருப்தியாக இருந்தேன். மூன்றாவது நாள் அது போதவில்லை. தே தாரேக் குடித்தவர் கெடுத்துக்கொண்டது தன் சிறுநீரகத்தை. மாமா கெடுத்தது அத்தையின் முப்பது வருடத்தை. அவர் துன்பத்துக்குப் பின்னால் அடிபட்ட இன்னொருவர் நிற்கிறார். "பாவம் மாமா" என்று நான் சொல்லும்போது அத்தை காதில் அது எப்படி விழும்?

விழுந்துதான் விட்டது. மாமாவின் நிலைமை தெரிந்தவுடன் பெரியவர்கள் அத்தைக்கு வரிசையாகப் போன் போட்டார்கள். "பழச மறந்துடும்மா, ஆம்பள ஒடிஞ்சு போயிட்டாரு, நீ வந்தா எந்திருச்சிடுவாரு." அத்தை என்னிடம் கேட்டார்: "அவருக்கு நோய்ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு என்னன்னு யாருப்பா டாக்டர்கிட்ட கேட்டீங்க?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகியது. காரணம் என்பதையும் குற்றம் என்பதையும் நாம் ஒரே சொல்லாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமாவுக்கு ஏன் இந்த நிலை வந்தது என்று தேடினால் அவர் குணம் வருகிறது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், கொஞ்சம் பிறப்போடு வந்தது, கொஞ்சம் தோட்டத்து லயத்தில் ஏழு வயதுப் பையனை விட்டுவிட்டு வேறு குடும்பம் தேடிப் போன தாத்தாவால் வந்தது. அவர் அதைக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கவில்லை. அதற்காக அவர் செய்ததெல்லாம் நோய் செய்ததா? அப்படியும் இல்லை. அத்தையிடம் எறிந்த தட்டைக் கோயில் தலைவரிடம் அவர் ஒருநாளும் எறிந்ததில்லை. அடக்கிக்கொள்ளும் சக்தி அவரிடம் இருந்தது. நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அவர் சொல்லும் அளவுக்கு இல்லாமலும் இல்லை.

அதனால் அவர் நோய் அவருக்கு ஓர் உரிமையைத் தருகிறது: சிகிச்சை பெற, கதவைத் தட்ட ஓர் ஆள் வர. அத்தையின் மீதி வாழ்க்கை மீது உரிமையைத் தரவில்லை. மன்னிப்பது அத்தையின் விருப்பம். அதை மருந்துச் சீட்டு மாதிரி அவர் கையில் திணிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்படியானால் கடமை யாருக்கு? அவரால் அவ்வளவாகக் காயப்படாத எங்களுக்கு. எனக்கு, மச்சானுக்கு, பக்கத்துத் தாமானில் இருக்கும் சித்தப்பாவுக்கு. இவ்வளவு நாள் "விட்டுக்கொடுத்துப் போங்க" என்று அத்தையின் தலையில் சுமையை வைத்துவிட்டு நாங்கள் சும்மா இருந்தோம். இப்போது எங்கள் முறை.

"செஞ்ச வினை" பற்றியும் ஒன்று. வினைக்குப் பயன் உண்டு என்று நம்புகிற குடும்பத்தில்தான் நானும் வளர்ந்தேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் பயனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் போஸ்ட்மேன் வேலைக்கு என்னை யாரும் நியமிக்கவில்லை. மாமா வினையை அனுபவிக்கிறார் என்றால், கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேனே, அது யாருடைய வினைக் கணக்கில் போகும்?

தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம் சித்தப்பாவும் நானும் போய், கதவு திறக்கும் வரை வாசலிலேயே உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திறந்தவர் முதலில் சொன்னது: "வேடிக்கை பார்க்க வந்தீங்களா?" பிறகு, "இருந்து என்ன பண்ணப் போறேன்டா."

அந்த வார்த்தையைப் பயந்து தாண்டிப் போயிருப்பேன். இயக்கத்தில் முன்பு ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டேன். "சாகணும்னு நெனைக்கிறீங்களா மாமா?" ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சில நாள்" என்றார். அன்று இரவு சித்தப்பா அங்கேயே படுத்துக்கொண்டார். 15555 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு நான்தான் அடித்தேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மூடி மறைக்க வேண்டியதில்லை. மறுநாள் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்தோம். அவர் ஹாஸ்பிட்டலுக்குக் கடிதம் கொடுத்தார்.

உடனே எல்லாம் நேராகிவிடவில்லை. மூன்றாவது சந்திப்பில், டாக்டர் தன்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார் என்று எழுந்து வந்துவிட்டார். என்னிடம் பத்து நாள் பேசவில்லை. குணக் கூறுகள் சேர்ந்திருக்கும் மனச்சோர்வு பொதுவாக மெதுவாகத்தான் குறையும் என்று தாதி சொன்னார். அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தானே, அவர்களையும் சண்டைக்கு இழுத்தால்? ஆனால் குணம் மாறவே மாறாது என்பதும் பொய். அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனையில் இதே வகைக் கடும் கோளாறோடு அட்மிட் ஆன 290 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 10 ஆண்டுகளில் 100-க்கு 93 பேருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது 2 ஆண்டுகளாவது தணிந்தபடி இருந்தன. அதே ஆய்வில், நல்ல வேலையும் உறவும் சேர்ந்து வாழ்க்கை முழுதாகச் சீரானது பாதிப் பேருக்குத்தான். நெருப்பு அணைகிறது, எரிந்துபோன வீடு தானாக எழும்புவதில்லை. அந்த இரண்டாவது எண்ணைப் படித்தபோதுதான் அவசரம் புரிந்தது, மாமாவுக்காக மட்டுமல்ல.

செயின்ட் லூயிஸ் ஆய்வில் இன்னொரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் அவரிடம் மட்டும் கேட்கவில்லை, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் கேட்டார்கள். கைவிடுவார்களோ என்று பயப்படுகிறவருக்குத் தன் பயம் தெரியும், அந்தப் பயம் வெளியே எப்படி நாறுகிறது என்று தெரியாது. நான் அக்காவிடம் போய், "என்கிட்ட மாமா மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "மெசேஜுக்கு ரெண்டு நீல டிக் வந்தும் நான் பதில் போடலன்னா நீ எத்தன நாள் பேசாம இருப்பேன்னு எண்ணிப் பாரு" என்றாள். எண்ணிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு 27 வயது. முட்டுகள் எல்லாம் இன்னும் நிற்கின்றன.

ஒரு வியாழக்கிழமை விட்டு அடுத்த வியாழக்கிழமை மாமாவைக் கூட்டிப் போகிறேன். என்னால் முடியாத நாள் சித்தப்பா போகிறார். ஒரே ஆள் போனால் அந்த ஆளையும் மாமா எரித்துவிடுவார், அதனால் மாற்றி மாற்றி. போன மாதம் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். கையில் நம்பர் சீட்டு.

"உன் அத்தை கேட்டாளா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"கேட்டாங்க. மருந்து சாப்பிடுறாரான்னு கேட்டாங்க."

"வர்றாளாமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "இல்ல மாமா."

எழுந்து வெளியே போய்விடுவார் என்று காரின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் சீட்டை இரண்டாக மடித்தார், மறுபடி பிரித்தார். நம்பர் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனார்.